ஸ்லாப்புக்குக் காய்ச்சல்

ஈரச் சாக்கின் வாடை இன்று காலையிலிருந்து என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. எஹலியகொடவில் நான் இப்போது குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஓர் அறை கட்டுகிறோம். நேற்று அதற்கு ஸ்லாப் போட்டார்கள். போட்ட கையோடு மழை பிடித்துக்கொண்டது. மேசன் வேலைக்கு வரும் சிங்கள பாஸ் அதன் மேல் நனைத்த சாக்குகளை விரித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான்தான் ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது. ஆனாலும் ஏறுகிறேன்.

காலையில் பாஸ் வந்தபோது நான் மேலே நின்று, சாக்கைத் தூக்கி, ஸ்லாப்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கீழேயிருந்து சிரித்தார். "மொகத அம்மே, உணத?" என்றார். என்னம்மா, காய்ச்சலா என்று கேட்கிறார். அவர் கேலிக்குத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னும் வரல்ல" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு இறங்கினேன். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உனக்கு எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. நீ குறுக்கே பேச முடியாது. உயிரோடு இருந்தவரைக்கும் என்னை ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்லவிட்டவளா நீ?

தெஹியோவிட்டைக்கு மேலே, நம் ரப்பர் தோட்டத்தின் மேட்டில் இருந்த பிள்ளைக் காம்பராவை நினைத்துக்கொள். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அந்த ஒற்றை அறையில் நான்தான் ஆயா. கூரை பழைய தகரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்த காற்றில் பக்கத்து ரப்பர் மரம் முறிந்து அதன் மேல் விழுந்தது. தகரம் மடங்கி, தொட்டில் கட்டும் மரச்சட்டம் நடுவில் ஒடிந்து தொங்கியது. அன்றைக்கு வேலை நாளில்லை, பிள்ளைகள் ஒருவரும் உள்ளே இல்லை. எல்லோரும் சாமியைக் கும்பிட்டார்கள். எனக்குக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை. திங்கட்கிழமை விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு காற்று வீசினாலே அண்ணாந்து பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது.

வீடு கட்டித் தரும் திட்டம் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். கொங்கிரீட் கூரை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். தொட்டில் கட்டுவதற்கு இரும்புக் கொக்கிகளை ஸ்லாப்போடு சேர்த்தே வைத்துத் தர வேண்டும். மரச்சட்டத்தை இனி நான் நம்ப மாட்டேன்.

அது கட்டி முடியும்வரை காம்பரா கிடையாது. அவரவர் பிள்ளை அவரவர் பாடு. உன் வீட்டுக்காரர் கொழும்பில் கடை வேலையில் இருந்தார். மாமியார் இல்லை, தாயும் இல்லை. குப்புற விழக்கூடத் தொடங்காத பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ வேலைக்குப் போனாய். உன் வேலையோ ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்தும் புகை வீட்டில். வாசலில் சேலையில் கட்டிய தொட்டில், உள்ளே விறகுப் புகை. கொஞ்ச நாளில் அவள் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளே பூனைக்குட்டி கத்துவது போலச் சத்தம் வர ஆரம்பித்தது. தோட்டத்து மருந்துக்காரர் காது வைத்துக் கேட்டுவிட்டு, பொகை படாத எடத்துல வைங்க என்றார். நீ அவரிடம் கேட்டாய்: "பொகை படாத எடத்துல எனக்கு வேல குடுப்பீங்களாய்யா?"

அன்றிலிருந்து உனக்கு அந்த ஸ்லாப் மேல் வெறி பிடித்தது. மண் சுமந்தாய், கல் சுமந்தாய், சம்பளம் இல்லாத சிரமதான வேலைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாய். "என்னாடி இன்னும் பலகை அடிக்கலயா?" என்று, அங்கே வேலை செய்த மேசன் பாஸை விட்டுவிட்டு என்னை அதட்டினாய். நான் என்ன செய்வேன்?

திட்டத்துக்காரர்கள் கொடுத்தது வெறும் சீமெந்து அல்ல. நெல் ஆலையில் எரித்த உமிச் சாம்பலை மாவாக அரைத்து, சீமெந்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பதில் இதைக் கலந்திருந்தார்கள். செலவும் குறைவு, நாள்பட நாள்பட பலமும் கூடும் என்றார்கள். சாம்பல் நிறத்தைப் பார்த்துவிட்டு, "திருநூறுல கூரை போடுறாங்கடி. இனி இடியும் விழாது, பேயும் வராது" என்று நீ சொன்னதில் கலவை குழைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அதிகம் தாங்கவில்லை. ஸ்லாப் போட்ட அன்று மாலையே பனிமூட்டம் இறங்கியது. பிறகு விடாத சாரல். மறுநாள் போய்க் கட்டைவிரலால் அழுத்தினேன், ரேகை விழுந்தது. அதற்கு மறுநாளும் நகம் இறங்கியது. அந்த மேசன் பாஸ்தான் அதற்கு முந்தின வாரம் தெஹியோவிட்டைக் கடைத்தெருவில், இதே சாம்பல் சீமெந்தில் சாக்கடைக் கானை மூடுவதற்கான ஸ்லாப் போட்டிருந்தார். கீழே நல்ல வெயில். அடுத்த நாளே ஆட்கள் அதன் மேல் ஏறி நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தார்களாம். இங்கே மேட்டில் அது குழைந்த சோறு மாதிரி கிடந்தது. மூட்டையை மாற்றிக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று பாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாத்தயா என்று நாம் கூப்பிடும் திட்டத்து அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. உனக்கோ சிங்களம் தண்ணி பட்ட பாடு. ஸ்லாப்பை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அவர் நிறையச் சொன்னார். கூடி நின்ற பெண்களுக்கு நீ தமிழில் திருப்பிச் சொன்னாய்.

"சீமெந்துல தப்பு ஒண்ணும் இல்லியாம். சாம்பல் கலந்தது குளுருல மெதுவாத்தான் வேல செய்யுமாம். கடைத்தெருவுல வெயிலு, அதான் சட்டுனு ஆயிருச்சு. இங்க சூடு பத்தலியாம். நல்லாக் காயணும். காயிற வரைக்கும் முட்டுக் கம்ப ஒருத்தரும் தொடக் கூடாது."

எல்லோருக்கும் அது விளங்கியது. தயிர்கூடக் குளிர்ந்த நாளில் உறையத் தாமதிக்கிறது. ரப்பர் பாலும் அப்படித்தான். மாத்தயா போய்விட்டார். நீ மட்டும் பலகைக்கு அடியில் நின்று, தலைக்கு மேலே இருந்ததை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். இடுப்பில் இருந்த பிள்ளை கீச் கீச் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "காய வெக்கிறது எனக்குத் தெரியாததாடி?" என்றாய்.

தகரப் பீப்பாய்களை நெடுக்கே பாதியாக வெட்டி, அதில் ரப்பர் விறகுத் தணலை நிரப்பி, முட்டுக் கம்புகளுக்கு இடையில் வைத்தாய். பக்கங்களில் சாக்குத் தொங்கவிட்டு மூடினாய். பிள்ளைக் காம்பராவை அப்படியே ஒரு புகை வீடாக்கிவிட்டாய். யாரும் உன்னைத் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. ஷீட் காய வைப்பதில் தோட்டத்தில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் எல்லோரும் உன் பேச்சைக் கேட்டார்கள்.

சாரல் நின்ற ஒரு மத்தியானம் ஏணி வைத்து மேலே ஏறினேன். ஸ்லாப் வெளுத்துக் கிடந்தது. காய்ந்த வண்டல் மாதிரி மேலே தூள் கிளம்பியது. வாசல் பக்கத்து மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல். இதற்கு அடியில்தான் பிள்ளைகளைத் தொங்கவிடப் போகிறேன். இறங்கி ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தேன். நீ ஏணியடியில் மறித்துக்கொண்டாய்.

"பைத்தியமாடி ஒனக்கு? காயிற நேரத்துல தண்ணி ஊத்துறே?"

"வெடிச்சிருக்குடி. போய்ப் பாரு."

"ஈரம் வத்தினா அப்பிடித்தான். ஷீட்டு சுருங்கல?"

"இது ஷீட்டு இல்ல. ஒடஞ்சு விழுந்தா யாரு தலையில விழும்?"

"இன்னும் ஒரு வாரம் இவ பொகையில கெடந்தா, விழுறதுக்கு எம் புள்ள இருக்க மாட்டா!"

ஆனாலும் நான் வாளியை விடவில்லை. நீயும் விடவில்லை. இரண்டு பொம்பளைகள் ஒரு வாளிக்கு மல்லுக்கட்டியதில் தண்ணீர் முழுவதும் நம் இருவர் மேலும் கொட்டியது. அந்த நேரம் பார்த்துத்தான் மாத்தயாவின் மோட்டார் சைக்கிள் மேட்டில் ஏறி வந்தது.

அவர் தணலைப் பார்த்ததும் கத்திய கத்தலில் உன் பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. முட்டுக்கம்பில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்டார். இவ்வளவு சூட்டை ஆரம்பத்திலேயே கொடுத்தால் சீக்கிரம் இறுகும், பின்னால் வர வேண்டிய பலம் வராது என்றார். மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, உன்னைப் பார்த்து மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "மம கிவ்வனே. ரஸ்னெ மதி. தெத தியாகன்ன." நான் சொன்னேனே, சூடு போதாது, ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று.

எனக்கு இருந்த அரைகுறைச் சிங்களத்துக்கே அது விளங்கியது. நான் உன் பக்கம் திரும்பினேன்.

"ஈரமா வெக்கச் சொன்னாராடி அன்னிக்கு?"

நீ முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாய்: "சொன்னாரு."

"அப்ப எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சூடும் வேணும்கிறாரு, ஈரமும் வேணும்கிறாரு. ஈரத்த வெச்சுக்கிட்டு எதுடி காயும்? மாத்தயாவுக்கு வாய் கொழறிருச்சுன்னு நெனச்சேன். நாந்தான் திருத்திச் சொன்னேன்."

திருத்திச் சொன்னாயாம்! அன்றைக்கு உன்னை அடிக்கக் கை ஓங்கினேன், உண்மை. இன்றைக்கு நினைத்தால் உன் மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. முதல் நாள் அவர் சொன்னது 'தத வெனவா', கெட்டியாவது; அதைத்தான் நீ 'காயணும்' என்றாய். நம் வாயில் கொங்கிரீட் எப்போதாவது கெட்டியாகியிருக்கிறதா? கொங்கிரீட் காயும், துணி காயும், ஷீட் காயும். எல்லாவற்றுக்கும் நமக்கு இருந்தது ஒரே சொல். தண்ணீரைக் குடித்துத்தான் அது இறுகும், தண்ணீர் போய்விட்டால் பாதியில் நின்றுவிடும் என்பது அந்தச் சொல்லுக்குள் எங்கேயும் இல்லை. வாழ்நாளெல்லாம் ஈரத்தை விரட்டி விரட்டியே பிழைத்தவள் நீ.

மாத்தயாவிடம் நீ விடாமல் வாதாடினாய். சூடும் ஈரமும் ஒரே இடத்தில் எங்கே இருக்கும், எனக்குக் காட்டுங்கள் என்றாய். அவர் களைத்துப்போய் என்னைப் பார்த்தார். உன் பிள்ளை அப்போது என் தோளில் இருந்தது. அழுது அழுது அதன் உடம்பு கொதித்தது. எனக்கு வாயில் வந்துவிட்டது.

"காய்ச்சல் வந்த புள்ள நெத்தியிலடி. ஒடம்பு காயும், மேல நாம ஈரத்துணி போடுவோம். துணி உலர உலர நனைப்போம்."

நீ அதை அப்படியே சிங்களத்தில் அவரிடம் சொன்னாய். அவர் சிரித்துவிட்டார். "ஹரி, ஹரி. உண தமய்", சரி சரி, காய்ச்சலேதான் என்று ஸ்லாப்பைக் காட்டினார். சீமெந்து தண்ணீரோடு சேரும்போது உள்ளேயிருந்து தானாகவே ஒரு சூடு வரும், சாம்பல் கலந்ததில் அது குறைவாகவும் மெதுவாகவும் வரும், குளிர் அதையும் தின்றுவிடும் என்று விளக்கினார். தணலைக் கொஞ்சமாக, கம்புகளுக்கு எட்டாமல், விரிசல் இருந்த வாசல் மூலையை விட்டு எட்ட வைக்க அனுமதித்தார். முட்டு எடுக்கும் நாளை மட்டும் பின்னால் தள்ளி வைத்தார். அந்தத் தள்ளிவைப்பு உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ தலையை ஆட்டினாய், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டோரிலிருந்து பழைய சாக்குகளை வாங்கி நனைத்து மேலே விரித்தோம். நீ கீழே தணல், நான் மேலே ஈரம். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நீ ஏணியில் ஏறி, சாக்கை விலக்கி, புறங்கையை வைத்துப் பார்ப்பாய். பிறகு அதே புறங்கையை உன் பிள்ளையின் மார்பில் வைப்பாய். ஒன்று சூடாக வேண்டும், மற்றது சூடாகக் கூடாது. நீ எதற்காக ஏறுகிறாய், எதற்காக இறங்குகிறாய் என்று பார்த்துக்கொண்டே நான் சாக்குகளை நனைத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் காலையில் மேலேயிருந்து கத்தினாய்: "வந்திருச்சுடி! காய்ச்சல் வந்திருச்சு!" பாஸ் ஆணியை எடுத்துக் கீறிப் பார்த்தார். கோடு விழவில்லை.

முட்டுகளை எடுத்த அன்று நான் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றேன். ஒவ்வொரு கம்பாக விழும் சத்தத்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஸ்லாப் நின்றது. ஆனாலும் கொக்கியில் பிள்ளையைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்றேன்.

நீ என்ன செய்தாய்? பேசாமல் உன் சேலை ஒன்றை எடுத்துக் கொக்கியில் மாட்டி, பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, நீயே தொட்டிலுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாய். அதுவும் அந்த விரிசலுக்கு நேர் கீழே இருந்த கொக்கியில். காலை மடக்கிக்கொண்டு, "ஆட்டுடி ஆயா" என்றாய். வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. நான் ஆட்டினேன். அடித்துத் தள்ளுவது போலத்தான் ஆட்டினேன். மேலே ஒரு தூள்கூட உதிரவில்லை. நீ இறங்கிய அந்தச் சேலையிலேயே, உன் சூடு ஆறுவதற்குள், உன் மகளைப் படுக்க வைத்தேன்.

சில வாரங்களில் அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் நின்றுபோனது. அந்த விரிசலுக்கு 'ஒன் விரிசல்' என்றே நான் பெயர் வைத்திருந்தேன். தீபாவளிக்குத் தீபாவளி சுண்ணாம்பு பூசுவோம், தை பிறப்பதற்குள் திரும்பத் தெரியும். ஆனால் அகலவில்லை.

இதற்கு மேல் எழுதுவதற்குத்தான் எனக்குக் கை வரவில்லை. பிள்ளையைப் புகையிலிருந்து எடுத்தாயே, உன்னை ஏன் எடுக்கவில்லை? களை பிடுங்கும் வேலைக்கு மாற்றித் தருவதாகக் கணக்கப்பிள்ளை சொன்னார். நீதான் மறுத்தாய். புகை வீட்டிலிருந்து காம்பரா கூப்பிடு தூரம், நடுவில் ஓடி வந்து பால் கொடுக்கலாம் என்றாய். சரி. அவள் பால் மறந்த பிறகு? பள்ளிக்கூடம் போன பிறகு? "பழகிருச்சுடி" என்றாய். போன வருஷம் கேகாலை ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சுக்குள்ளே அதே பூனைக்குட்டி கத்தியது. பெரிய பூனையாகியிருந்தது. எனக்கு உன் மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. கடைசியில் உன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். பிறகு கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். ஈரத்துணியோடு உன் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இனி வேண்டாம் என்று அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இந்த அறை அவளுக்குத்தான். என்னோடுதான் இருக்கிறாள், உயர்தரம் படிக்கிறாள். அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு ஜன்னல், காற்று வர வேண்டும் என்று கட்டுகிறேன். இப்போதெல்லாம் கடையில் வாங்கும் மூட்டையிலேயே சாம்பல் கலந்து வருகிறதாம். பாஸுக்கு வேறு வேலை இருக்கிறது, வார முடிவில் முட்டுக் கம்புகளை எடுத்துவிடலாம் என்கிறார். நான் எடுக்க விட மாட்டேன். மத்தியானம் கொஞ்சம் வெயில் அடித்தது, ஆனாலும் மழைக்காலம் விடட்டும்.

சற்று முன் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே பின்பக்கம் வந்து கேட்டாள்: "காஞ்சிருச்சா பெரியம்மா?"

"காயக் கூடாதுடி!" என்று கத்திவிட்டேன். அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு ஏணியில் ஏறினாள். சாக்கை விலக்கினாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நீ சொல்லிக் கொடுத்தாயோ என்னவோ தெரியாது. உள்ளங்கையை வைக்கவில்லை, புறங்கையைத்தான் வைத்தாள். வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, உன் மகள் வாயைத் திறக்கட்டும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லேசா இருக்கு" என்றாள். "தண்ணி குடுங்க பெரியம்மா. சாக்கு காஞ்சு போச்சு."

வாளியைத் தூக்கிக் கொடுத்தேன். இந்தத் தடவை யாரும் மறிக்கவில்லை.